எங்கே என்று கேட்காத நாடு

முன்னொரு காலத்தில், கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தபோது, அலைவாய் நாடு என்று ஒரு நாடு இருந்தது. எவ்வளவு காலம் முன்னால் என்று கேட்கத் தோன்றுகிறதா? தாராளமாகக் கேளுங்கள். கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். பதில் தெரியாது, அது வேறு விஷயம்.

அந்த நாட்டுக்கு ஒரு ராஜாவும் இருந்தார். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அவர் பாட்டுக்கு அரண்மனையில் இருக்கட்டும்.

அலைவாய்க்காரர்கள் நல்லவர்கள். பசி என்று வந்தவருக்குச் சோறு போடுவார்கள். அடுத்த வீட்டு மாடு கன்று போட்டால் தங்கள் வீட்டில் நடந்ததுபோல் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் உருப்படாதாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்கிறீர்களா? இருக்கலாம். ஆனால் அவர்கள் அளவுக்கு நீங்கள் யாரும் முற்றிப்போயிருக்க மாட்டீர்கள். ஒருமுறை ஒருவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கும் வீட்டுக்குமாகத் தலைதெறிக்க ஓடினான். தெருவே நின்று பார்த்தது. ஒருவர்கூட ‘எங்கேப்பா ஓடுறே?’ என்று கேட்கவில்லை. அவன் வீட்டுக் கூரை பாதி எரிந்து, புகை தெருவுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்பி வீட்டுக்குள் வர வேண்டும். உட்கார வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகுதான் மறுபடி கிளம்பலாம்.

நாட்டுக்கு மேற்கே ஒரு மலை. மலைமேல் ஒரு காடு. அந்தக் காட்டில் நிற்பவை வான்தாங்கி மரங்கள். அவ்வளவு உயரமான மரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நானும் பார்த்ததில்லை. ஊரே கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத அடிமரம். தேங்காய் மட்டைபோல் நார்நாராக, செக்கச்செவேல் என்று பட்டை. உச்சி எங்கே முடிகிறது என்று பார்க்க முடியாது, மேகம் மறைத்துவிடும். கடலிலிருந்து ஏறி வரும் பனியை அந்த மரங்கள் இலையால் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். அலைவாய் நாட்டு ஆற்றில் ஓடியது அந்தத் தண்ணீர்தான்.

காட்டின் ஊடே ஓர் ஒற்றையடிப் பாதை மலையைத் தாண்டி மேற்குச் சந்தைக்குப் போனது. வெளிநாட்டு வியாபாரிகள் அதன் வழியாக வருவார்கள், போவார்கள், ஒரு குறையும் இருக்காது. ஆனால் அலைவாய்க்காரர் யாராவது அந்தப் பாதையில் ஏறினால் திரும்பி வருவதில்லை. ‘காட்டுக்கு நம்மைக் கண்டால் ஆகாது’ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்குத்தான் கேள்வி கேட்டுப் பழக்கமே இல்லையே!

அந்த நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில் முத்திருளன் என்று ஓர் உப்பு வியாபாரி இருந்தான். அவனுக்குப் பவளாயி என்று ஒரு தங்கை. தாய் தகப்பன் இல்லை. அண்ணனும் தங்கையும் உப்பளத்தில் உப்பு வாங்கி, ஆளுக்கொரு மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் நெல்லுக்கு மாற்றிக்கொண்டு வருவார்கள்.

பவளாயி விறுவிறுவென்று நடப்பாள். வாயும் அப்படித்தான், விறுவிறு. முத்திருளன் நேர்மாறு. ஒரு மைனா கத்தினால் நின்றுவிடுவான். ஒரு பனைமரத்தில் தூக்கணாங்குருவி கூடு கட்டினால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பான். அவன் மூட்டையில் பாதியையும் தன் மூட்டையில் கொட்டிக்கொண்டு அவள் முன்னால் போவாள்.

ஒருநாள் நல்ல வெயில். பவளாயிக்குக் கழுத்து விட்டுப்போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணன் தூரத்தில் ஒரு மீன்கொத்தியோடு பேசிக்கொண்டு நிற்கிறான். அவளுக்கு வந்ததே கோபம்!

“உன்னை மாதிரி ஒரு அண்ணன் இருக்கிறதுக்கு ஒரு கழுதை இருந்திருக்கலாம்! அதாச்சும் மூட்டை சுமக்கும்!”

முத்திருளன் ஓடி வந்தான். அவள் கழுத்தைப் பார்த்தான். மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அன்று முழுவதும் எங்கும் நிற்காமல் நடந்தான்.

மறுநாள் விடியும் நேரம். பவளாயி கண் விழித்தபோது அண்ணன் ஒரு சிறிய உப்பு மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தான். எங்கேண்ணே என்ற வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. கிளம்புகிறவனைக் கேட்கக் கூடாதே என்று விழுங்கிக்கொண்டாள். அவனும் சொல்லவில்லை. போய்விட்டான்.

அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மலைப்பாதைப் பக்கம் அவனைப் பார்த்ததாக அடிவாரத்தில் விறகு எடுக்கப் போனவர்கள் சொன்னார்கள். காட்டுக்குள் போயிருக்க மாட்டான், கோபித்துக்கொண்டு எங்கோ போயிருக்கிறான், வரட்டும், நானா போய்க் கூப்பிடுவேன் என்று பவளாயி வீம்பாக இருந்தாள். ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. புரட்டாசியும் போயிற்று. அவன் தட்டு கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. வீம்பு கரைந்து கரைந்து, கடைசியில் ஒரே ஓர் எண்ணம்தான் அவளுக்கு மிஞ்சியது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான் அது. எவ்வளவு பெரிய பாவமானாலும் பரவாயில்லை என்று கேட்டிருக்கலாம்.

ஒரு நாள் காலையில் அவள் புளிச்சோறு கட்டிக்கொண்டாள். முந்தானையில் ஒரு பிடி உப்பை முடிந்துகொண்டாள், உப்பு வியாபாரி வீட்டுப் பெண் வெறுங்கையோடு போக மாட்டாள். கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

தெருமுனையில் ஒரு வளையல்காரர் கடை விரித்துக்கொண்டிருந்தார். வடக்கே ஏதோ ஒரு நாட்டுக்காரர். மலையைத் தாண்டி முந்தின நாள்தான் வந்திருந்தார். பாவம், உள்ளூர் வழக்கம் அவருக்கு என்ன தெரியும்?

“எங்கே தாயி கிளம்பிட்டே?” என்றார் சிரித்த முகமாக.

பவளாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதில் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பினாள். உட்கார்ந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மறுபடி கிளம்பினாள்.

“அட, திரும்பி வந்துட்டியா! எங்கே தாயி?” என்றார் வளையல்காரர்.

மறுபடி வீடு. மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி ஒரு வாய் தண்ணீர். இந்தத் தடவை தெருவின் மறு ஓரமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். வளையல்காரர் எழுந்து நின்று கூப்பிட்டார்.

“தாயி! ஏதாச்சும் சிக்கலா? எங்கேதான் போறே?”

பவளாயிக்குப் பொறுமை போய்விட்டது. வயிற்றில் இடமும் போய்விட்டது. நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

“என் அண்ணனைத் தேடிக் கூட்டிட்டு வரப் போறேன்! போதுமா?”

“போதும் தாயி, போதும். நல்லபடியா கூட்டிட்டு வா” என்று வளையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்தக் காரியம் உருப்பட்ட மாதிரிதான் என்று முணுமுணுத்துக்கொண்டே பவளாயி மலைக்கு நடந்தாள்.

வெயில் ஏறியபோது காட்டின் வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு வான்தாங்கி மரங்கள் தூண்கள்போல் நிற்க, நடுவே பாதை போனது. அவள் உள்ளே காலை வைத்ததும் கடல் சத்தம் நின்றது. காற்றின் சத்தம் நின்றது. அவளுடைய காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தரை முழுவதும் மெத்தைபோல் சருகு. இடுப்பளவு பெரணிச் செடிகள் பாதைக்கு இரு பக்கமும் ஆடாமல் அசையாமல் நின்றன. எங்கோ மேலே, எட்டாத உயரத்தில், ஒரு குருவி ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. பவளாயி தன்னை அறியாமல் மெல்ல நடந்தாள். இதுவரை அவள் மெல்ல நடந்ததே இல்லை.

பாதை முதல் வளைவுக்கு வந்தது. அங்கே மூடுபனி ஒரு கீற்றாகத் தொங்கியது. பவளாயி அண்ணாந்து பார்த்தாள். மரம் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு பெரிசு, எவ்வளவு அமைதி! பார்த்துக்கொண்டே இருந்தாள். தலையைத் தாழ்த்தியபோது எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“நான் எங்கே போறேன்?” என்று தன்னையே கேட்டாள். தெருவில் கத்தியது அப்படியே வாய்க்கு வந்தது. “என் அண்ணனைத் தேடிக் கூட்டிட்டு வரப் போறேன். போதுமா?”

நடந்தாள். ஒரு பழைய மரம் பாதையின் குறுக்கே விழுந்து கிடந்தது. அதன் நடுவே மழையும் காலமும் குடைந்த ஒரு துளை, குனியாமல் நடந்து போகலாம். உள்ளே ஈர மண் வாசனை. அந்தப் பக்கம் வெளியே வந்தால் இரண்டாவது வளைவு, இன்னும் அடர்த்தியான பனி. பவளாயி அண்ணாந்து பார்த்தாள். தலையைத் தாழ்த்தியபோது அவளுக்குத் தன் பெயரே மறந்துபோயிருந்தது.

“என் அண்ணனைத் தேடிக் கூட்டிட்டு வரப் போறேன். போதுமா?”

“போதும், போதும். கத்தாதே” என்றது ஒரு குரல்.

ஒரு தாழ்ந்த கிளையில் மலையணில் ஒன்று உட்கார்ந்திருந்தது. பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால். முன்னங்கால் இரண்டிலும் ஒரு கொட்டையைப் பிடித்துக்கொண்டு முழித்தது.

“இதை எடுத்துக்கிட்டு நான் எங்கேயோ கிளம்பினேன். பாதி வழியில் மறந்துபோச்சு. நாலு நாளா யோசிக்கிறேன், இல்லே நாப்பது நாளோ என்னவோ” என்றது அணில்.

எங்கே கிளம்பினே என்ற கேள்வி பவளாயியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பழக்கதோஷம், கடித்துக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்துப் பாதிப் புளிச்சோற்றை இலையில் வைத்து நீட்டினாள். அணில் சாப்பிட்டுவிட்டுச் சொன்னது:

“உன் அண்ணன்னு சொன்னியே. நின்னு நின்னு, அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டு ஒருத்தன் போனான். அவனா?”

“அவனேதான்!”

“மூணாவது வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வெட்டவெளி இருக்கு. அங்கே நிக்கிறான். இப்போ மரமாயிட்டான். முகத்திலே காது மட்டும்தான் இன்னும் மூடலே. அடுத்த மழை விழுந்ததும் பட்டை காதையும் மூடிடும். அப்புறம் யார் கூப்பிட்டாலும் கேக்காது.” அணில் வானத்தைப் பார்த்தது. “இன்னிக்கு மழை வர்ற மாதிரி இருக்கு.”

பவளாயி ஓடினாள். மூன்றாவது வளைவில் பனி சுவர்போல் நின்றது. அண்ணாந்து பார்க்கவே கூடாது என்று நினைத்தாள். நினைத்ததும் பார்த்துவிட்டாள், மனித மனசு அப்படித்தானே? எல்லாம் மறந்தது. ஊர் மறந்தது, பெயர் மறந்தது, எதற்கு ஓடினோம் என்பது மறந்தது. கால்கள் தாமாக நின்றன. நிற்பது சுகமாக இருந்தது. இப்படியே நின்றுவிடலாமே என்று இருந்தது.

அப்போது எங்கோ தூரத்தில், ஒரு தெருமுனையில், யாரோ தன்னிடம் ஏதோ கேட்டதுபோல் அவளுக்கு ஞாபகம் வந்தது. தான் எரிச்சலோடு பதில் சொன்னதும் ஞாபகம் வந்தது.

“என் அண்ணனைத் தேடிக் கூட்டிட்டு வரப் போறேன்” என்றாள் பவளாயி. மூச்சை இழுத்துக்கொண்டு, “போதுமா?” என்றாள்.

கால்கள் நகர்ந்தன. பனி விலகி வழிவிட்டது.

வெட்டவெளியின் நடுவே, காட்டிலேயே பெரிய வான்தாங்கி நின்றது. அதன் அடியில் ஒரு பொந்து, ஒரு குடும்பம் குடியிருக்கலாம். பொந்திலிருந்து மூடுபனி மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். தாடி முழுவதும் பச்சைப் பாசி. அவர் பெருமூச்சு விடும்போதெல்லாம் ஒரு கீற்றுப் பனி கிளம்பிக் காட்டுக்குள் போனது. அவர்தான் அந்தக் காட்டு மாயாவி, பாசித்தாடியார்.

“நீ இன்னும் நடக்கிறாயே! அலைவாய் நாட்டுப் பெண்தானே?” என்றார் ஆச்சரியமாக. “உங்கள் ஊர்க்காரர்கள் மூன்றாவது வளைவைத் தாண்டி வந்ததும் நின்றுவிடுவார்கள். மனசுக்குள் வைத்திருப்பதை என் பனி உறிஞ்சிவிடும். வாய்விட்டு ஒருவரிடம் சொன்னதை மட்டும் உறிஞ்ச முடியாது. அது கேட்டவரிடம் பத்திரமாக இருக்கும். உன்னை யார் கேட்டது?”

“ஒரு வளையல்காரரு. மூணு தடவை கேட்டாரு” என்றாள் பவளாயி. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அந்த மனிதரை என்ன திட்டு திட்டினாள், மனசுக்குள்!

“ஏன் எல்லாரையும் மரமாக்கினீங்க?” என்று கேட்டாள்.

“நானா நிற்கச் சொன்னேன்? போகிற இடம் மறந்து நின்றார்கள். மழையில், பனியில், அப்படியே நின்றார்கள். குளிருமே என்று பட்டை போர்த்திவிட்டேன்” என்றார் பாசித்தாடியார். பொய் சொல்கிற முகமாக இல்லை. “உன் அண்ணனும் இங்கேதான் இருக்கிறான். கண்டுபிடித்தால் எழுப்பிக்கொள். உன்னால் முடிந்தால்.”

வெட்டவெளியைச் சுற்றி ஏராளமான இளமரங்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே சிவப்புப் பட்டை. எது அண்ணன்? பவளாயி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

ஓர் ஓரத்தில் ஒரு கடமான் நின்று, ஒரு மரத்தின் பட்டையை நக்கிக்கொண்டிருந்தது. மற்ற மரங்களை அது சீண்டவில்லை. ஆசை ஆசையாக அந்த ஒரு மரத்தை மட்டும் நக்கியது. பவளாயி பக்கத்தில் போனதும் மான் விலகி நின்றது. அவள் பட்டையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

“அண்ணே!” என்று கத்தி மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

மரம் மரமாகவே நின்றது. “முத்திருளா! முத்திருளா!” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மரம் அசையவில்லை. முதல் மழைத்துளி அவள் தோளில் விழுந்தது.

அவளுக்குத் தெரிந்த இன்னொரு வித்தை திட்டுவது. “சோம்பேறி! ஊர் சுத்தி! உன்னை நம்பி வந்தேனே! மூட்டையை எறக்கி வெச்சுட்டு மரமா நிக்கிறியே, வெக்கமா இல்லே?” என்று திட்டித் தீர்த்தாள். மரம் அசையவில்லை. இரண்டாவது துளி அவள் நெற்றியில் விழுந்தது. பட்டை மெல்ல வளர்ந்து காதை நெருங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

திட்டும் தீர்ந்துபோய் அவள் நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டாள். வளையல்காரரின் முகம் ஞாபகம் வந்தது. தன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தது எது? ஒரு கேள்வி. அன்றைக்கு விடியும் நேரத்தில் அவள் விழுங்கியது எது? அதே கேள்வி. அதைக் கேட்கவா, இவ்வளவு நாள் பாவம் என்று நினைத்ததையா? அந்தச் சின்ன வார்த்தையைச் சொல்வது அவளுக்கு உப்பு மூட்டை தூக்குவதைவிடக் கனமாக இருந்தது.

காது இருந்த இடத்தில் வாயை வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

“எங்கேண்ணே கிளம்பினே?”

இலைகள் சலசலத்தன. பட்டை நின்றது. உள்ளே இருந்து, தூக்கத்தில் பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது.

“சந்தைக்கு.”

“எதுக்குண்ணே?”

“உனக்கு ஒரு கழுதை வாங்கத்தான். உன் கழுத்து வலிக்குதில்லே?”

பவளாயி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். கோபித்துக்கொண்டு போனான் என்று நினைத்தாளே, மூன்று மாதம் வீம்பு பிடித்தாளே! அவள் அழுத கண்ணீர் பட்ட இடத்தில் பட்டை நெகிழ்ந்து, தேங்காய் மட்டை உரிவதுபோல் உரிந்து விழுந்தது. உள்ளே முத்திருளன் உப்பு மூட்டையைத் தோளில் மாட்டியபடி, முழித்துக்கொண்டு நின்றான்.

“பவளா! நீ எங்கே இங்கே? நான் இப்போதானே கிளம்பினேன்! ஒரு பத்து நிமிஷம் மரத்தைப் பார்த்துட்டு இருந்தேன்.”

“பத்து நிமிஷமா!” என்று திட்ட வாயைத் திறந்தவள், இன்றைக்கு வேண்டாம் என்று மூடிக்கொண்டாள்.

அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கிளம்பியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஓட்டம் பிடித்திருப்பார்கள். ஆனால் பவளாயி பொந்தைத் திரும்பிப் பார்த்தாள். தூறலில் நனைந்துகொண்டு பாசித்தாடியார் தனியாக உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் பட்டை போர்த்தியவருக்குப் போர்த்த ஒருவரும் இல்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது. அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

“தாத்தா, நீங்க எங்கே கிளம்பினீங்க?”

“நானா? நான் எங்கேயும் கிளம்பவில்லை. இங்கேயே இருக்கிறவன்.”

“பொறக்கும்போதே பொந்துக்குள்ளேயா பொறந்தீங்க? எங்கே கிளம்பினீங்க?”

பாசித்தாடியார் தாடியைத் தடவினார், மரங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “மறந்துவிட்டது பெண்ணே” என்றார் கடைசியில், குரல் உடைந்து. “இந்த வழியாக எங்கேயோ போனேன். இளைஞனாக இருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். என் மறதிதான் இப்படிப் பனியாகப் போகிறது. என்னை யாரும் கேட்கவில்லை.”

பவளாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கொடுக்க அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். 

“இதை வாயில போட்டுக்கிட்டு யோசிச்சுப் பாருங்க. எங்கே கிளம்பினீங்க?”

அவர் உப்பை நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. பிறகு விரிந்தது.

“கடல்” என்றார். “கடல்! மலைக்கு மேற்கே எங்கள் ஊர். யாருமே கடலைப் பார்த்ததில்லை. தண்ணீர் உப்பாக இருக்கும், மறுகரை இருக்காது என்று ஒரு வழிப்போக்கன் சொன்னான். நான் நம்பவில்லை. நேரில் பார்க்கக் கிளம்பினேன். இந்த மரங்களைத் தாண்டினால் தெரியும் என்றார்கள்.”

அவர் சொல்லி முடிக்கவும் பொந்திலிருந்து வந்த பனி நின்றது. காட்டில் தேங்கியிருந்த பனியெல்லாம் கலைந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வெயில் சாய்வாக அந்த வெட்டவெளியில் விழுந்தது. மரங்களுக்கு நடுவே, கீழே, வெகுதூரத்தில், நீலமாக ஒரு கோடு தெரிந்தது.

“அதுவா?” என்றார் பாசித்தாடியார்.

“அதேதான் தாத்தா. ஆத்தோரமாவே போங்க. வழி தப்பாது.”

அவர் எழுந்தார். முழங்கால் சுள்ளி முறிவதுபோல் சடசடத்தது. இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, “பட்டை எல்லாம் தளர்ந்திருக்கும். நீயே கேட்டு எழுப்பிவிடு” என்றார். பிறகு ஒரு சின்னப் பையனைப்போல் கீழே இறங்கி ஓடினார்.

அண்ணனும் தங்கையும் மரம் மரமாகப் போய்க் கேட்டார்கள். காது மூடிய மரங்களின் பட்டையும் இப்போது தளர்ந்திருந்தது, கேள்வி உள்ளே போனது. “எங்கே கிளம்பினீங்க?” “மகளுக்குப் பிரசவம்.” உரிந்தது. “எங்கே கிளம்பினீங்க?” “வைத்தியரைக் கூப்பிட.” உரிந்தது. “எங்கே கிளம்பினீங்க?” “சொன்னா சிரிக்கக் கூடாது. என் பொண்டாட்டிக்குப் பயந்து ஓடினேன்.” அதுவும் உரிந்தது. ஒரே ஒரு மரம் மட்டும், “எங்கேயும் வேண்டாம்மா. இங்கே காத்து நல்லா இருக்கு” என்றது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். எழுந்தவர்களோடு இரண்டாவது வளைவு வரைக்கும் போய், அவர்களை மலைக்குக் கீழே அனுப்பினார்கள்.

தாழ்ந்த கிளையில் அணில் இன்னும் கொட்டையோடு உட்கார்ந்திருந்தது.

“எங்கே கிளம்பினே?” என்றாள் பவளாயி.

“வீட்டுக்கு!” என்று அணில் துள்ளியது. “என் பொண்டாட்டி கொட்டை கொண்டாரச் சொன்னாளே! அய்யோ, என்னைக் கொல்லப் போறா!” வால் மட்டும் ஒரு நொடி தெரிந்தது, அதற்குப் பிறகு அதையும் காணோம்.

பிறகு இருவரும் மலையைத் தாண்டிப் போனார்கள். முத்திருளன் தன் உப்பு மூட்டையைக் கொடுத்து மேற்குச் சந்தையில் ஒரு கழுதை வாங்கினான். சாம்பல் நிறம், நல்ல சாது. திரும்பும் வழியில் அண்ணனும் தங்கையும் மூன்று வளைவிலும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இப்போது ஒன்றும் மறக்கவில்லை. மரங்கள் மட்டும் அழகாக இருந்தன. அண்ணன் இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பது பவளாயிக்குக் கொஞ்சம் புரிந்தது. கழுதையும் நின்று பார்த்தது. அது சும்மா நின்றிருக்கும், கழுதைதானே.

தெருமுனையில் வளையல்காரர் இருந்தார். மூன்று பேரையும் பார்த்தார்.

“எங்கே தாயி போயிட்டு வர்றே?” என்றார்.

பவளாயி நின்றாள். வீட்டுக்கு ஓடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. “என் அண்ணனைத் தேடிக் கூட்டிட்டு வரப் போனேன். கூட்டிட்டு வந்துட்டேன்” என்றாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். அவர் கை நிறையப் பச்சை வளையல் போட்டுவிட்டார், விலையாக உப்பு வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அலைவாய் நாட்டில் வழக்கம் தலைகீழாக மாறியது. இப்போது யாராவது கிளம்பினால் வீடு முழுவதும் ‘எங்கே? எங்கே?’ என்று கேட்டுத் தொலைக்கும். ஒருவரும் கேட்காவிட்டால் அது அபசகுனம். கிளம்பியவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, யாராவது கேட்கும்வரை காத்திருப்பார். அரண்மனையில் சும்மா இருந்தாரே ராஜா, அவரையும் இப்போது கேட்கிறார்கள். அவருக்குத்தான் போக இடம் எதுவும் இல்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு விடியலில் பவளாயி கண் விழித்தாள். அண்ணன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தான். கழுதைமேல் மூட்டை ஏற்றியிருந்தது.

“எங்கேண்ணே?” என்றாள், படுத்தபடியே.

“பக்கத்து ஊருக்கு. சாயங்காலம் வந்துடுவேன். நீ தூங்கு.”

சாயங்காலம் வந்துவிட்டான்.

அவ்வளவுதான் கதை. அதற்குள் எழுந்துவிட்டீர்களா? இருங்கள், இருங்கள். கோபித்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே கிளம்பிட்டீங்க?